நான்காம் வண்டியின் ஒற்றைக் கோடு

ஜூலை 9, புதன்

இது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பள்ளி டைரி. மிச்சமானதில் ஒன்றை டிரைவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே "இன்றைய வீட்டுப்பாடம்", கீழே "பெற்றோர் கையொப்பம்". ஒரு மாதமாகத் திறக்கவே இல்லை. இன்று எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை எட்டு மணி பத்து நிமிடம். நான்காம் வண்டியில் பதினான்கு பிள்ளைகள். அணை ரோட்டில் வாய்க்கால் பாலத்துக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புச் சந்திலிருந்து பால்காரர் வேலுச்சாமி மொபெட்டில் இரண்டு கேனோடு குறுக்கே வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பது என்பதே அவர் பழக்கத்தில் இல்லை. நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு போட்டு, பாலத்துச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர்மேல் படவே இல்லை. பயத்தில் அவராகவே விழுந்தார். கை எலும்பில் விரிசல், ரோடெல்லாம் பால்.

ஒன்றாம் வகுப்பு மித்ராவுக்குப் பல் விழுந்துவிட்டது. "அது நேத்தே ஆடுன பல்லுங்க்கா" என்று அவளே சொன்னாள். அவள் அம்மா அதை நம்பத் தயாராக இல்லை.

வேலுச்சாமி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு "எம்பதுல வந்துச்சுங்க அந்தப் பொம்பள" என்று சொல்கிறாராம். நாற்பதில்தான் வந்தேன். பள்ளி வண்டிக்கு நாற்பதுதான் அளவு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒயர்தான் தொங்குகிறது, அது வேறு விஷயம். நாற்பதைத் தாண்டவே இல்லை. நாற்பது.

ஜூலை 10, வியாழன்

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிகளுக்குப் பொறுப்பாளர் மாரப்பன் நேற்றே போய் டேப் பிடித்துக் கோட்டை அளந்திருக்கிறார். பதினெட்டு மீட்டர். "பதினெட்டு மீட்டர் தேச்சுட்டுப் போயிருக்குதே, மெதுவா வந்த வண்டியாம்மா இது?" என்று கேட்டார்.

"வண்டி இடப்பக்கம் இழுக்குதுன்னு நாலு தடவை சொன்னனுங்களே" என்றேன்.

"எல்லா வண்டியும் இழுக்கும். ஸ்டியரிங்க நல்லாப் புடிக்கோணும்."

இருபத்தைந்தாம் தேதி விசாரணை. வேகமாக வந்தேன் என்று முடிவானால் வேலை போகும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதமும் போகும், பிறகு எந்தப் பள்ளியிலும் என்னை ஏற்ற மாட்டார்கள். இந்தப் பள்ளியில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் நான். எனக்குப் பின்னால் விண்ணப்பம் போட்டிருக்கும் இரண்டு பேரின் காகிதமும் என்னோடு குப்பைக்குப் போகும்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். அழிந்துவிடுமோ என்று பஸ் பிடித்துப் போய்க் கோட்டைப் போனில் படம் எடுத்து வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 12, சனி

பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு இயற்பியல் எடுக்கும் ஜெசிந்தா மிஸ்ஸிடம் கணக்குப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போட்ட தாளின் நகல் வந்தது. கோட்டின் நீளம் பதினெட்டு, பிரேக்கில் வேகம் குறையும் முடுக்கம் ஏழு, இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் வேகத்தின் வர்க்கம் இருநூற்று ஐம்பத்திரண்டு. விடை: மணிக்கு ஐம்பத்தேழு கிலோமீட்டர்.

மிஸ் நல்லவர். தினமும் "குட் மார்னிங் வாணி" என்பார். எனக்கு எதிராகப் பொய் எழுத அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் அந்தத் தாளைக் கிழித்துப் போட முடியவில்லை.

வீட்டுக்காரர் மில் ஷிஃப்ட் முடிந்து வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீசுல இருக்குது" என்று மட்டும் சொன்னார். தோசை கருகிவிட்டது. அவர் வாய் பேசாமல் சாப்பிட்டார்.

ஜூலை 14, திங்கள்

ஆறே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்து, போக இடமில்லாமல் திரும்பப் படுத்தேன். திங்கட்கிழமை அந்நேரத்துக்குப் பள்ளி வாசல் பிள்ளையார் முன்னால் சீட்டு எடுப்போம். ஐந்து டிரைவர்கள், ஐந்து வண்டிகள். எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எழுதிய சீட்டுகள். அந்த வாரம் முழுக்க வந்த எண்தான் நம் வண்டி. நான்கு என்பது பழைய வண்டி, மலையடிவார ரூட், ஐந்தரைக்கே எழ வேண்டும். யாருக்கும் பிடிக்காது.

புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் "நான் கடைசியா எடுத்துக்கறனுங்க" என்று முதல் நாளே சொன்னேன். ஆண்கள் நால்வரும் எடுத்தபின் மிஞ்சுவது எனக்கு. அவர்களில் தண்டபாணியண்ணன் டப்பாவுக்குள் கையை விட்டால் சீக்கிரம் எடுக்க மாட்டார். கண்ணை மூடித் துழாவிக்கொண்டே இருப்பார். பிள்ளையாரிடம் அவ்வளவு பக்தி.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து ஆறு திங்கள். ஆறிலும் எனக்கு நான்குதான். "அம்மிணி ராசி அப்படி" என்று சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ராசிதான் போலிருக்கிறது. சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பழைய பேப்பர் கடையில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் கிடைத்தது. எடை சரியாக வரவில்லை என்று கடைக்காரர் கணக்குப் புத்தகத்தையும் தூக்கி வைத்தார்.

ப்ளஸ் டூவில் இயற்பியலில் நான் இருநூற்றுக்கு எழுபத்தொன்று. எழுபது எடுத்தால் பாஸ். அந்த ஒரு மார்க் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஜூலை 16, புதன்

உண்மையை எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

நான் வேக முள்ளைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஐந்து நிமிடம் தாமதம். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பையன் ஷூ தேடிக்கொண்டிருந்தான். அணை ரோடு காலியாக இருந்தது. மிதித்தேனா, இல்லையா? நாற்பது நாற்பது என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அது பாட்டாகிவிட்டது. ஐம்பத்தேழு என்று மிஸ் எழுதியதும் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருவேளை அதுதானோ?

பதினான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐம்பத்தேழில் வந்திருந்தால், அவர்கள் அனுப்புவதற்கு முன் நானே போய்விடுவேன். டிரைவர் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வருவேன். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

சூத்திரத்தில் நாற்பதைப் போட்டுப் பார்த்தேன். நாற்பதில் வரும் வண்டி நிற்க நூற்றுப் பதினான்கு மீட்டர் ஆகுமாம். பாலத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, வேலுச்சாமியின் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றிருப்பேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: கிலோமீட்டரை அப்படியே போடக்கூடாது, மூன்று புள்ளி ஆறால் வகுத்து, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும். அந்த எழுபத்தொன்று எப்படி வந்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

நாத்தனார் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். பைபாஸ் ரவுண்டானாவில் சிக்னல். ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ரோட்டைத்தான் பார்க்கிறேன். ஏதோ லாரி பிரேக் அடித்த தடம். இரண்டு கோடுகள், தண்டவாளம் போலப் பக்கத்துப் பக்கத்தில்.

இரண்டு.

போனை எடுத்து என் படத்தைப் பார்த்தேன். ஒன்றுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் கறுப்பாக ஒன்று, வலப்பக்கம் வெறும் ரோடு. வலப்பக்கச் சக்கரங்கள் பிடிக்கவே இல்லை, சும்மா உருண்டுகொண்டு வந்திருக்கின்றன. அதனால்தான் இடப்பக்கம் இழுத்தது. பஸ்ஸுக்குள் "அட!" என்று கத்திவிட்டேன். பக்கத்துச் சீட்டு அம்மா முறுக்குப் பொட்டலத்தை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

சூத்திரம் தப்பில்லை. பதினெட்டும் தப்பில்லை. அந்த ஏழுதான் என் வண்டிக்கு உரியதல்ல. ஏழு என்பது எல்லாச் சக்கரமும் பிடிக்கும் வண்டிக்கு. பாதி வண்டி பிடித்தால் எவ்வளவு? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த எண் எனக்குச் சாதகமாக வருமா என்பதும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

மட்டன் எடுத்தோம். வேகும் நேரத்தில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். நிகழ்தகவு. பெட்டிக்குள் பந்துகள், சிவப்பு, நீலம். இது நம் டப்பாதானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில், கடைசியாக எடுப்பதால் எனக்கு நஷ்டமா? நான்காம் எண் எனக்கு வர, முதல் ஆள் தப்ப வேண்டும்: ஐந்தில் நான்கு. அடுத்தவர் தப்ப வேண்டும்: நான்கில் மூன்று. அடுத்து மூன்றில் இரண்டு, பிறகு இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் ஐந்தில் ஒன்று. முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் அதேதான். இதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுப்பை மறந்துவிட்டேன்.

பிறகு ஆறு வாரம். ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் தொடர்பில்லை என்றால் ஐந்தில் ஒன்றை ஆறு முறை பெருக்க வேண்டும். பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்தில் ஒன்று.

திரும்பப் பெருக்கினேன். அதேதான்.

அப்படி ஒரு ராசி இருக்கலாம். இல்லை, ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் தொடர்பு இருக்கலாம். தண்டபாணியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் துழாவுவது நினைவுக்கு வந்தது. பக்தி.

ஜூலை 21, திங்கள்

சாயங்காலம் அவரே வந்தார், ஒரு பை தக்காளியோடு. தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். "அண்ணா, டப்பாவுக்குள்ள கைய வுட்டு அவ்வளவு நேரம் என்ன தேடுவீங்க?"

சொம்பை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நாலாம் நம்பர் சீட்டு காலண்டர் அட்டைல வெட்டுனதுங்க அம்மிணி. மத்ததெல்லாம் நோட்டுப் பேப்பர். ரெண்டு வருசமுன்னால பழைய சீட்டு கிழிஞ்சு போச்சுன்னு மாரப்பன் அட்டைல எழுதிப் போட்டாரு. வேணும்னு பண்ணல. ஆனா கைக்குத் தெரிஞ்சு போச்சுங்."

"நாலு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"ஒருத்தரும் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங். அவங்கவங்க கைக்குத் தெரியும். கடைசியா எடுக்கறேன்னு நீங்களே வேற சொல்லிட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். ஆறு வாரம் ஐந்தரைக்கு எழுந்தது கூடப் பரவாயில்லை. "ராசி, ராசி" என்று சிரித்தார்களே! எள் விளக்கு வேறு போட்டேனே! "அந்தச் சுவத்துல ஒரு சாண் தாண்டிப் போயிருந்தா, பதினாலு பிள்ளைங்களுக்கும் என்னங்ணா பதில் சொல்லியிருப்பீங்க?" என்று கத்தினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நான்காம் வண்டியைப் புதன்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிப் பிரேக்கை மாற்றப் போகிறார்களாம். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால். மாற்றிவிட்டால் என் கணக்குக்கு வண்டியே இல்லை.

ஜூலை 23, புதன்

தண்டபாணியண்ணன் போன் செய்தார். "வண்டிய எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. ஸ்டார்ட் ஆகலீங் அம்மிணி. என்னமோ தெரியல, பேட்டரி ஒயரையே காணோம்."

"எங்கீங்ணா போச்சு?"

"என்ற பையிலதான் இருக்குது."

ஜூலை 25, வெள்ளி

நீளமாக எழுதப் போகிறேன். ஒரு பக்கம் போதாது.

பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் அம்மா நடுவில், ஜெசிந்தா மிஸ், மாரப்பன், மித்ராவின் அம்மா. வாசலருகே தண்டபாணியண்ணன். பையில் பேட்ஜைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன், தேவைப்பட்டால் தேடக்கூடாது என்று.

மாரப்பன் படிக்க வேண்டியதைப் படித்தார். பதினெட்டு மீட்டர், ஐம்பத்தேழு கிலோமீட்டர். கரஸ்பாண்டன்ட் அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "மிஸ்ஸுகிட்ட ஒரு கேள்விங்க" என்றேன். "மிஸ், அந்த ஏழு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"காய்ஞ்ச தார் ரோட்டுல, எல்லாச் சக்கரமும் பிடிச்சா, ஏறக்குறைய அதுதான் வரும் வாணி."

"எல்லாம் புடிக்காட்டி?"

போனில் இருந்த படத்தை அவர் முன்னால் வைத்தேன். மிஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கோடு ஒண்ணுதான் இருக்கு. என்கிட்ட நீளம் மட்டும்தான் கொடுத்தாங்க. படம் யாரும் காட்டலையே" என்றார். பிறகு அம்மாவிடம், "மேடம், வண்டியை ஓட்டிப் பார்க்காம என் விடையை வெச்சுக்க முடியாது" என்றார்.

"வண்டி ஓடாதுங்க, பேட்டரி ஒயர் இல்லீங்க" என்றார் மாரப்பன்.

தண்டபாணியண்ணன் இரண்டடி முன்னால் வந்து, பைக்குள்ளிருந்து ஒயரை எடுத்து மேசைமேல் வைத்தார். "கழட்டுனது நான்தானுங்க" என்றார்.

கேட்டிலிருந்து கட்டடம் வரை போகும் தார் ரோட்டில் வைத்துக்கொண்டோம். யார் ஓட்டுவது? "இந்தம்மா வேணும்னே மெதுவா மிதிக்கும்" என்றார் மாரப்பன். "அப்ப நீங்களே ஓட்டுங்க" என்றார் கரஸ்பாண்டன்ட் அம்மா. மாரப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார்.

மிஸ் சாக்பீஸால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "முப்பதுல வந்து இங்க மிதிக்கணும்." அங்கிருந்து ஐந்து மீட்டர் அளந்து இன்னொரு கோடு. "பிடிமானம் ஏழுன்னா வண்டி இதைத் தாண்டக்கூடாது." பதினொன்றாம் வகுப்பு ஜன்னல் முழுக்கத் தலைகள்.

மாரப்பன் முப்பதில் வந்தார், மிதித்தார். முன் சக்கரம் ஐந்து மீட்டர்க் கோட்டைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, இடப்பக்கமாக, செம்பருத்திச் செடிகளைப் பார்த்து. நின்றபோது டேப் பதினொன்று புள்ளி இரண்டு காட்டியது. ரோட்டில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. மாரப்பன் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை" என்றார் மிஸ். பத்து புள்ளி எட்டு. மூன்றாவது முறை சரியாகப் பதினொன்று. கீழே இறங்கிய மாரப்பன் முகத்தில் வேர்வை ஊற்றியது. அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. கொஞ்சம்தான்.

மிஸ் வண்டியின் பின்கதவில் தாளை வைத்துக் கணக்குப் போட்டார். முடுக்கம் ஏழு இல்லை, மூன்று புள்ளி ஒன்று ஆறு. நான் பக்கத்தில் நின்று அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது வேலுச்சாமிக்கும் மாரப்பனுக்கும் தெரியாத விஷயம்: அந்த விடைக்காக எல்லோரையும்விட அதிகமாகப் பயந்து நின்றது நான்தான். நாற்பத்தைந்து என்று வந்தாலும் பேட்ஜை எடுத்துக் கொடுத்திருப்பேன். பைக்குள் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு, பெருக்கல் மூன்று புள்ளி ஒன்று ஆறு, பெருக்கல் பதினெட்டு. வர்க்கமூலம். பெருக்கல் மூன்று புள்ளி ஆறு.

"முப்பத்தெட்டு" என்றார் மிஸ். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம். ஐம்பத்தேழு இல்லவே இல்லை. நான் எடுத்த ஏழு தப்பு. சாரி வாணி."

முப்பத்தெட்டு! நான் வேகமாக வரவில்லை. வரவில்லை! அங்கேயே, செம்பருத்திச் செடிகளுக்குப் பக்கத்தில், எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதேன். மித்ராவின் அம்மா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் இருந்து விசில் வந்தது, மிஸ் அதட்டவில்லை.

கரஸ்பாண்டன்ட் அம்மா மாரப்பனிடம், "இந்த வண்டியிலயா பதினாலு பிள்ளைங்கள அனுப்பிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அவர் குரல் உயரவே இல்லை.

"இன்னொண்ணும் இருக்குதுங்கம்மா" என்றேன். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். கண்ணை முந்தானையால் கட்டிக்கொண்டு கையை விட்டேன். விரலில் பட்டதும் தெரிந்தது. எடுத்து நீட்டினேன். "நாலு" என்றார் அம்மா. உள்ளே போட்டுக் குலுக்கினார்கள். மறுபடி எடுத்தேன். நாலு. மூன்றாவது முறை நான் கையை விடுவதற்குள் அம்மாவே டப்பாவைக் கவிழ்த்து, அட்டைச் சீட்டை எடுத்து இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். டிரைவர்கள் மூவர் தூரத்தில் நின்று வண்டிச் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 26, சனி

ஒன்பது மணி வரை தூங்கினேன். வீட்டுக்காரர் தோசை சுட்டார். கருகியிருந்தது. வாய் பேசாமல் சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

ஆறே முக்கால், பிள்ளையார் முன்னால். ஒரே தாளில் வெட்டிய ஐந்து சீட்டுகள், கரஸ்பாண்டன்ட் அம்மாவே எழுதியவை. "வாணி மொதல்ல எடுக்கட்டும்" என்றார். கையை விட்டேன். ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன. எடுத்துப் பிரித்தேன்.

நான்கு.

தண்டபாணியண்ணன் முகம் செத்துவிட்டது. "மறுபடி போட்டுக்கலாமுங்க அம்மிணி" என்றார்.

"எதுக்குங்ணா? அஞ்சுல ஒண்ணு. வரத்தானே செய்யும்!" என்று சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு அடங்கவில்லை. போன வாரம் யாருக்கு என்ன வந்தது என்பது காகிதத்துக்குத் தெரியாது. இந்த நான்கு, யாரும் எனக்குத் தள்ளிவிடாத நான்கு. நானே எடுத்தது.

வண்டிக்கு இரண்டு பக்கமும் புதுப் பிரேக், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்டியிருந்தார்கள். கிளம்புவதற்கு முன் தார் ரோட்டில் முப்பதில் வந்து மிதித்துப் பார்த்தேன். மிஸ் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. ஐந்து மீட்டர்க் கோட்டுக்கு அரையடி முன்னால், நேராக நின்றது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடுகள்.

வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் தென்னந்தோப்புச் சந்து வந்ததும் மெதுவாக்கினேன். பின் சீட்டிலிருந்து மித்ரா, பல் போன ஓட்டையைக் காட்டிக்கொண்டு, "எத்தனைல போறீங்க்கா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் முள்ளைப் பார்க்கிறேன். "இருபது, கண்ணு" என்றேன்.

இந்தப் பக்கத்தின் கீழேயும் "பெற்றோர் கையொப்பம்" காலியாக இருக்கிறது. நானே போட்டுக்கொள்கிறேன்.

சி. கோகிலவாணி, ஓட்டுநர், வண்டி எண் 4.